செப்சிஸ் சார்ட்டில் ஏ41.51 போட்டால் ஏன் எரர் வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இந்த மெடிக்கல் கோடிங் கேள்வி: யூரின் இன்ஃபெக்ஷனோடு அட்மிட் ஆன ஒரு வயதான அம்மா. எமர்ஜென்சி டாக்டர் 'யூரோசெப்சிஸ்' என்று எழுதியிருக்கிறார். ரத்தக் கல்ச்சரில் ஈ-கோலை வளர்ந்திருக்கிறது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 0.9-லிருந்து 2.6-க்கு ஏறியிருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஈ-கோலை யுடிஐ, ஏகேஐ, உடல்நிலை தேறியது' என்று முடித்துவிட்டார்கள் (யுடிஐ என்றால் யூரின் இன்ஃபெக்ஷன், ஏகேஐ என்றால் திடீர் சிறுநீரகப் பாதிப்பு). நீங்கள் ஈ-கோலை செப்சிஸுக்கான ஏ41.51 கோடைப் போட்டீர்கள் (செப்சிஸ் என்றால் இன்ஃபெக்ஷன் உடல் முழுவதையும் தாக்கும் ஆபத்தான நிலை), ஆடிட்டர் எரர் கொடுத்துவிட்டார்.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ஐபி (உள்நோயாளி) சார்ட் பார்க்கிற வேலைதான் எனக்கும். அந்த எரர் நியாயமானதுதான். ஆனால் ஏ41.51-ஐ எடுத்துவிட்டு என்39.0 (யுடிஐ), பி96.20 (B96.20, ஈ-கோலை கிருமி), என்17.9 (ஏகேஐ) என்று போட்டு சார்ட்டை மூடச் சொன்னார்கள் என்றால் அதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த சார்ட், விளக்கம் கேட்கும் க்வெரியோடு டாக்டரிடம் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

யூரோசெப்சிஸுக்கு, நாம் பயன்படுத்தும் அமெரிக்க நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் கோடே கிடையாது. அதைச் செப்சிஸாக எடுத்துக்கொள்ளக் கூடாது, எழுதியவரிடமே கேட்க வேண்டும் என்று கைட்லைன் சொல்கிறது. சில டாக்டர்கள் சாதாரண யுடிஐக்கும் அப்படி எழுதுவார்கள். சிலர் உயிருக்கே ஆபத்தான நிலைமைக்கும் அதையே எழுதுவார்கள். எதை மனதில் வைத்து எழுதினார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கல்ச்சர் விஷயமும் அப்படித்தான். லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நாமே டயக்னோசிஸ் போட முடியாது. 'ஈ-கோலையால் வந்த செப்சிஸ்' என்று டாக்டர் தன் நோட்டில் எழுதினால் ஏ41.51. கிருமியைச் சொல்லாமல் செப்சிஸ் என்று மட்டும் எழுதினால் ஏ41.9. பாக்டீரிமியா (ரத்தத்தில் பாக்டீரியா இருப்பது) என்று மட்டும் எழுதினால் ஆர்78.81, அது செப்சிஸ் ஆகாது. இதை அப்படியே திருப்பியும் பார்க்க வேண்டும்: கல்ச்சர் நெகட்டிவ் என்பதற்காகச் செப்சிஸ் இல்லை என்று ஆகிவிடாது. நோயாளியிடம் அறிகுறிகள் இருந்து, டாக்டரும் செப்சிஸ் என்று எழுதியிருந்தால் அதை எடுத்துவிடும் உரிமை நமக்கு இல்லை. ஐபி சார்ட்டில் டிஸ்சார்ஜ் நேரத்தில் 'ப்ராபபிள் செப்சிஸ்' என்று இருந்தால்கூட உறுதியானது போலவே கோட் செய்யலாம்.

அப்புறம் ஏகேஐ. செப்சிஸால் சிறுநீரகம் பாதித்தது என்றால்தான் கடுமையான செப்சிஸுக்கான ஆர்65.20 வரும். நாலு நாள் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் கிடந்ததாலும் கிரியேட்டினின் ஏறும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு நோட்டில் தெளிவாக இல்லையென்றால் அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆர்65.20, செப்டிக் ஷாக்கும் சேர்ந்த ஆர்65.21 இரண்டுமே முதல் கோடாக ஒருபோதும் வராது. அவற்றுக்கு முன்னால் செப்சிஸ் கோடு நிற்க வேண்டும்.

க்வெரி எழுதுவதில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். 'செப்சிஸ் என்று எழுதித் தர முடியுமா' என்று கேட்பது முறைகேடு. செப்சிஸா, ஆமா இல்லையா என்றும் கேட்கக் கூடாது. நோட்டில் இல்லாத புது டயக்னோசிஸுக்கு அப்படிக் கேட்க அனுமதி இல்லை. சார்ட்டில் இருப்பதை அப்படியே எடுத்து வையுங்கள்: வந்தபோது காய்ச்சல் 39.2, நாடித்துடிப்பு 118, வெள்ளையணுக்கள் 18,400, லாக்டேட் 3.1, ரத்தக் கல்ச்சரில் ஈ-கோலை, ஐவி செஃப்ட்ரியாக்சோன் கொடுக்கப்பட்டது, எமர்ஜென்சி நோட்டில் யூரோசெப்சிஸ். உங்கள் சார்ட்டில் என்ன எண்கள் இருக்கிறதோ அவை. பிறகு, 'இந்த நிலையை எந்த டயக்னோசிஸ் விளக்குகிறது?' என்று கேட்டு, யுடிஐ மட்டும், யுடிஐயால் வந்த செப்சிஸ், வேறு ஏதாவது, தீர்மானிக்க இயலவில்லை என்று வாய்ப்புகளைக் கொடுங்கள். ஏகேஐக்குக் காரணம் என்ன என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். பணம் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது.

ஏன் இவ்வளவு கறார் என்றால், பணம் அப்படி மாறுகிறது. யுடிஐ என்று மூடினால் இந்த சார்ட், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு பணம் என்பதைத் தீர்மானிக்கும் டிஆர்ஜி பிரிவுகளில் 690-இல் விழும். செப்சிஸும் ஆர்65.20-உம் சேர்ந்தால் 871. அமெரிக்க அரசின் மெடிகேர் இன்ஷூரன்ஸ் தரும் தொகை இரண்டு மடங்குக்கும் மேல் போகிறது. இல்லாத செப்சிஸைப் போட்டால் அது மோசடி. இருந்த செப்சிஸை விட்டால், ஐவி மருந்தோடு உயிருக்குப் போராடிய ஒருவரின் ரெக்கார்டில் சாதாரண நீர்க்கடுப்பு என்று நிற்கும். அடுத்த தடவை அவரைப் பார்க்கும் டாக்டர் அதைத்தான் படிப்பார். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்தும்.

இன்னொரு தலைவலி, இன்ஷூரன்ஸ் டினையல். காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு வேகம், வெள்ளையணுக்கள் ஆகிய நான்கில் இரண்டு மாறியிருந்து, இன்ஃபெக்ஷனும் இருந்தால் செப்சிஸ் என்பது பழைய அளவுகோல். 2016-இல் வந்த செப்சிஸ்-3, உறுப்புப் பாதிப்பையே அடிப்படையாக வைத்து உறுப்புகளின் நிலையை அளக்கும் சோஃபா ஸ்கோர் குறைந்தது இரண்டு புள்ளி ஏற வேண்டும் என்கிறது. டாக்டர் பழையதைப் பார்த்து எழுதுவார், இன்ஷூரன்ஸ்காரர் புதியதைக் காட்டி மறுப்பார். இதில் கோடர் நடுவராக உட்கார முடியாது. டாக்டர் எழுதியதை வைத்துக் கோட் செய்வதுதான் விதி. ஆனால் செப்சிஸ் என்று எழுதியிருந்தும் சார்ட்டில் ஆதாரமே தெரியவில்லை என்றால், அதற்கும் ஒரு க்வெரி உண்டு. டாக்டர்களின் நோட்டுகள் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும் சிடிஐ டீமுக்குத் தட்டிவிடுங்கள்.

உங்கள் சார்ட்டுக்கு 'யுடிஐயால் வந்த ஈ-கோலை செப்சிஸ், ஏகேஐ அதன் விளைவு, அட்மிட் ஆகும்போதே இருந்தது' என்று பதில் வந்தால் ஏ41.51, ஆர்65.20, என்39.0, என்17.9, எல்லாவற்றுக்கும் பிஓஏ (அட்மிட் ஆகும்போதே இருந்ததா என்ற குறி) ஒய், அதாவது ஆம். அட்மிட் ஆன பிறகுதான் செப்சிஸ் வந்தது என்றால் என்39.0 முதலில் போகும், செப்சிஸுக்கு பிஓஏ 'என்', அதாவது இல்லை. செப்சிஸ் இல்லை என்று பதில் வந்தால் ஆடிட்டர் சொன்னபடியே மூடுங்கள். ஆபரேஷனுக்குப் பின், பிரசவத்துக்குப் பின், பச்சிளம் குழந்தைக்கு வரும் செப்சிஸ்களுக்கு விதி வேறு, டி81.44 (T81.44), ஓ85 (O85), பி36 (P36) என்று தனித்தனியாகத் தேடிப் படியுங்கள்.