ஒன்றும் கேட்காத எட்டு வருடங்கள்

அன்புள்ள ஐயா,

நியூட்ரான் விண்மீன்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். முதுகலை இயற்பியல் படிக்கிறேன். கனமான பொருட்கள் அசையும்போது காலவெளியில் பரவும் நுண்ணிய அதிர்வுகளான ஈர்ப்பலைகளின் ஆய்வுக்குப் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் அவற்றைப் பிடிக்க அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவிகள் 2002 முதல் 2010 வரை இயங்கியும் ஒரு அலைகூடச் சிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் காலத்தில் முனைவர் பட்டம் முடித்தவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. இளமையைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றவர்கள்தானே அவர்கள்?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெறுங்கை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் மிச்சமான நண்டு நெபுலாவின் நடுவே, அந்த விண்மீனின் இறுகிய கருவான ஒரு நியூட்ரான் விண்மீன் இருக்கிறது. விநாடிக்கு சுமார் 30 முறை சுழல்கிறது. அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டும் வருகிறது. அப்படி இழக்கும் ஆற்றலில் எவ்வளவு ஈர்ப்பலையாகப் போகிறது? லைகோ கேட்டுப் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை வைத்தே, அந்தப் பங்கு 4 சதவீதத்தைத் தாண்டாது என்று 2008ல் சொன்னார்கள். மேடு பள்ளம் இருந்தால்தான் சுழலும்போது ஈர்ப்பலை கிளம்பும்; ஆகவே அந்த விண்மீன் பெரிய மேடு பள்ளம் இல்லாமல் உருண்டையாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆயிரக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒரு பொருளின் வடிவத்தை மௌனத்திலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு இது இன்னமும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த எட்டு வருடங்களில் அவர்கள் கற்ற பெரிய பாடம் இரைச்சல். 4 கிலோமீட்டர் நீளமுள்ள லேசர் குழாயில், ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அசைவைத் தேடுகிறார்கள். லாரி போனாலும் தெரியும், தொலைதூரக் கடலலை கரையில் மோதினாலும் தெரியும். அந்தப் பாடம் பின்னாளிலும் தொடர்ந்தது: லைகோவின் இரண்டு நிலையங்களில் ஒன்றான ஹான்ஃபோர்டில் 2017 கோடையில் விளங்காத ஒரு துடிப்பு வந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், திரவ நைட்ரஜன் குழாயில் படிந்த பனியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன. தாகம்! குழாயில் அலகுத் தடம்கூட இருந்தது.

2010 செப்டம்பரில் நடந்தது இதைவிடக் கடினமான சோதனை. அருமையான ஒரு சமிக்ஞை வந்தது. குழுவைச் சோதிக்க, ஒரு சிலர் மட்டும் ரகசியமாகப் போலிச் சமிக்ஞையைச் செலுத்தலாம் என்ற ஏற்பாடு உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நிஜம் என்றே வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஆராய்ந்து, ஆய்வுக் கட்டுரையையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் உண்மை வெளியானது: போலி. அன்றைக்கு மனம் வலிக்காமல் இருந்திருக்காது. ஆனால் 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டு கருந்துளைகள் இணைந்த நிஜ அலை வந்தபோது எதைச் சரிபார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே கைப்பழக்கம்.

அப்புறம் 2017 ஆகஸ்ட் 17. நீங்கள் சொல்லும் அந்த வருடங்களுக்கெல்லாம் பலன் கிடைத்த நாளாக நான் நினைப்பது இதைத்தான். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் சுற்றிச் சுற்றி நெருங்கிய ஓசை சுமார் 100 விநாடிகளுக்கு வந்தது. இணைந்து 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. ஆனால் தானியங்கி எச்சரிக்கை ஹான்ஃபோர்டு கருவியின் பெயரில் மட்டும்தான் வந்தது. லைகோவின் இன்னொரு நிலையமான லிவிங்ஸ்டனில், விண்மீன்கள் இணைவதற்குச் சுமார் ஒரு விநாடி முன்பு, கருவியில் படுசத்தமான ஓர் இரைச்சல் வெடித்திருந்தது. கணினி அதை ஒதுக்கிவிட்டது.

ஆட்கள் அந்தத் தரவை, நேரம் இடமிருந்து வலமாகவும் அதிர்வெண் கீழிருந்து மேலாகவும் போகும் படமாக விரித்துப் பார்த்தார்கள். இரைச்சல் ஒரு தூண் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. அதற்கு இடப்பக்கம் ஒரு மெல்லிய கோடு வளைந்து மேலேறி வந்து, தூணுக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து மேலும் ஏறுகிறது. தூண் எது, கோடு எது என்று பிரித்துச் சொல்ல, இரைச்சலோடு வருடக்கணக்கில் பழகிய கண் வேண்டும். தூணை நீக்கினார்கள். இத்தாலியில் உள்ள விர்கோ என்ற ஈர்ப்பலைக் கருவியின் தரவையும் சேர்த்ததும் வானில் தேட வேண்டிய இடம் சுமார் 30 சதுர டிகிரியாகச் சுருங்கியது. இணைந்து 11 மணி நேரத்துக்குள், 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 விண்மீன் மண்டலத்தில் புதிய ஒளிப்புள்ளியைச் சிலியிலிருந்த ஒரு தொலைநோக்கி பிடித்துவிட்டது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் இப்படிப்பட்ட மோதலில் உருவாவதற்கு அந்த ஒளி சான்று தந்தது.

உங்கள் முடிவுக்கு உதவும் இன்னொன்று: அந்த நிகழ்வைப் பற்றிய கூட்டுக் கட்டுரையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். உங்கள் பெயர் தனியாகத் தெரிய வேண்டும் என்பது முக்கியமென்றால் இந்தத் துறை உங்களை வருத்தும். ஒரு நாள் முழுக்கத் துரத்திய துடிப்பு கடைசியில் காக்கை என்று தெரியும்போது உங்களுக்குச் சந்தோஷம் வருமென்றால், தயங்காமல் போங்கள்.

லைகோ அந்த நாளின் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. இரைச்சலை நீக்காத லிவிங்ஸ்டன் கோப்பும் அதில் உண்டு. கொஞ்சம் பைதான் தெரிந்தால் போதும். விடுமுறையில் அந்தப் படத்தை நீங்களே வரைந்து பாருங்கள். கோடு தெரிந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.