ஒரே எலும்புக்கூடு, மூன்று ஆசாமிகள்

கேள்வி: பள்ளியில் படித்தபோது நியாண்டர்தால் மனிதன் என்றால் கூன் முதுகும் மயிர் அடர்ந்த உடம்புமாகக் குரங்குக்கு அண்ணன் மாதிரி இருப்பான். போன வாரம் யூடியூபில் பார்த்தால் பக்கத்து வீட்டு அத்தை முகம்! எலும்பு அப்படியே இருக்க, முகம் மட்டும் மாறுவது எப்படி? இதையும் விஞ்ஞானம் என்று நம்பச் சொல்கிறீர்களா? (வாசகர், திருச்சி)

பதில்: முகம் மாற அத்தனை வருஷமெல்லாம் வேண்டாம், திருச்சிக்காரரே. இரண்டே வருஷத்தில் மாறியிருக்கிறது. 1908இல் பிரான்சின் லா ஷாப்பெல்-ஓ-சானில் ஒரு குகையில், நியாண்டர்தால் என்ற அழிந்துபோன மனித இனத்தைச் சேர்ந்த, பல் பெரும்பாலும் கொட்டிப்போன கிழவர் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. 1909இல் ஒரு பாரிஸ் பத்திரிகை அவரை உடம்பெல்லாம் மயிரும் கையில் தடியுமாகக் கொரில்லாவாகவே வரைந்துவிட்டது. 1911இல் ஆர்தர் கீத் என்ற உடற்கூற்று நிபுணர் யோசனை சொல்ல, லண்டன் பத்திரிகை ஒன்றில் அதே கிழவர் கழுத்தில் மாலையோடு தீயருகே சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

உங்கள் பாடப்புத்தகக் கூனர் மூன்றாவது ஆசாமி. அதே எலும்பை வைத்து, பாரிஸில் மார்செலின் பூல் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் உருவாக்கியவர்: மடங்கிய முழங்கால், முன்னால் நீண்ட தலை, குரங்கு போல விலகிய கால் கட்டைவிரல். 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இருவர் எலும்பைத் திரும்பப் பார்த்து, கிழவருக்கு மூட்டுவாதம், அதுதான் கோளாறு என்றார்கள். இதுவரை பலருக்கும் தெரியும். 1985இல் எரிக் டிரிங்காஸ் என்ற மானிடவியலாளர் இதையும் கிளறினார். வாதம் உண்மைதான், ஆனால் நிமிர முடியாத அளவுக்கு இல்லையாம். கூன் விழுந்தது கிழவர் முதுகிலா, பூலின் மூளையிலா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக எல்லாமே கற்பனை என்று கையைக் கழுவுவது சோம்பேறித்தனம். தடித்த புருவ மேடு, பெரிய மூக்குத் துவாரம், துருத்தாத முகவாய், நீண்டு தாழ்ந்த மண்டை – இவற்றை எலும்பே சொல்லிவிடும். காது மடல், உதடு, மூக்கு நுனி பற்றி அது மூச்சே விடாது. 2025இல் கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த மண்டை ஓடுகளுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் கொடுத்தபோது, கன்னத்தில் எவ்வளவு சதை வைக்கலாம் என்று பார்க்க உயிரோடிருக்கும் மனிதர்களின் அளவுகள் இருந்தன. நியாண்டர்தாலுக்கு யாரை அளப்பது? நம்மிடம்தான் கடன் வாங்க வேண்டும். நிறத்துக்கு மரபணு கொஞ்சம் கைகொடுக்கிறது: ஸ்பெயின், இத்தாலி எலும்புகளை 2007இல் ஆராய்ந்தவர்கள், சிலருக்காவது வெளுத்த தோலும் செம்பட்டை முடியும் இருந்திருக்கலாம் என்றார்கள். உடனே ஓவியர்கள் ஊரையே செம்பட்டையாக்கிவிட்டது தனிக்கதை!

நீங்கள் பார்த்த ‘அத்தை’, ஈராக்கின் ஷானிதார் குகைப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். 75,000 வருஷம் பழையவர். 2018இல் கிடைத்தபோது மண்டை நசுங்கி இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகியிருந்தது. எலும்பு, டீயில் நனைத்த பிஸ்கட் பதம். கேம்பிரிட்ஜ்காரர்கள் இருநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளை மாதக்கணக்கில் ஒட்டவைத்தார்கள். அதன் முப்பரிமாண அச்சுப் பிரதியின்மேல் டச்சு இரட்டையர்களான கென்னிஸ் சகோதரர்கள் முகம் வடித்து, 2024இல் வெளியானது.

அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். நெற்றியும் மூக்கின் அகலமும் அந்த அம்மாளுடையவை. உங்களுக்கு அத்தையை ஞாபகப்படுத்திய அந்தப் பார்வை, கென்னிஸ் சகோதரர்களுடையது.