பழைய ஃபெல்ட் தொப்பியில் அந்துருண்டை வாடை

வணக்கம் நண்பரே. 1930களின் அமெரிக்க ஃபெல்ட் தொப்பி, அந்துருண்டை வாடை, உள்ளே தோல்பட்டையில் வியர்வை நாற்றம், ஆவி காட்டினால் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ஆவி மட்டும் வேண்டாம். அந்தக் காலத்தில் தொப்பிக்கான முயல் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் 1941 டிசம்பரில்தான் அதற்குத் தடை வந்தது. சூடு பட்டால் மிச்சமிருக்கும் பாதரசம் ஆவியாகலாம். தோல்பட்டையும் சுருங்கி, தொப்பி தலையில் ஏறாது.

அந்துருண்டை வாடைக்குக் காற்றுதான் மருந்து. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் தானாகவே ஆவியாகிப் போகிற பொருள். நிழலான பால்கனியில் தொப்பியைக் கவிழ்க்காமல், உச்சி கீழே இருக்கும்படி மல்லாத்தி வையுங்கள், விளிம்பு வளையாது. வெயில் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும். வாரக்கணக்கில் ஆகும், பரவாயில்லை. அப்புறமும் வாடை இருந்தால், மூடிய அட்டைப்பெட்டிக்குள் தொப்பியோடு மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பனைத் துணியில் முடிந்து வையுங்கள். கரி தொப்பியில் படக்கூடாது.

வியர்வை நாற்றம் பெரும்பாலும் தோல்பட்டைக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு பட்டையை மெதுவாக வெளியே மடித்துப் பாருங்கள், மடிப்பில் பழுப்பாக அழுக்கு படிந்திருக்கும். அதை மென்மையான பிரஷ்ஷால் தட்டி, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், பழைய தோல் நூலோரத்தில் கிழியும். சென்ட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு வாடையும் சேர்ந்துகொள்ளும்.