எது எளிது என்று கேட்காதீர்கள், தம்பி

இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறேன், மேற்படிப்புக்கு அமெரிக்கா வர, பல துறைகளுக்கும் பொதுவான நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ. எழுதுவதா, வணிகப் பள்ளிகளுக்கான ஜிமேட் எழுதுவதா, எது எளிது, குளிருக்கு என்னென்ன வாங்கி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிராடையை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

"எது எளிது" என்ற கேள்விதான் என்னைப் பழைய நாட்களுக்கு இழுத்துப் போனது. 2004-இல் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் இதையேதான் கேட்டேன். "உங்கள் கணக்குக்கு ஜிமேட்தான்" என்றார்கள். அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டி எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. பிறகுதான் விண்ணப்பத்தைப் பிரித்துப் படித்தேன். நான் சேர நினைத்த பொறியியல் துறை ஜி.ஆர்.இ. மட்டுமே கேட்டிருந்தது. அந்த நிலையத்தில் யாரும் என்னிடம் "என்ன படிக்கப் போகிறாய்" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஆகவே முதலில் படிப்பை முடிவு செய்யுங்கள். பொறியியல் முதுகலை என்றால் ஜிமேட் பேச்சே வேண்டாம், ஜி.ஆர்.இ.யையே இப்போது பல துறைகள் கட்டாயமாக்குவதில்லை, துறையின் பக்கத்தைப் பாருங்கள். எம்.பி.ஏ. என்றால் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு உட்படப் பெரும்பாலான வணிகப் பள்ளிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஆனால் வேலை அனுபவம் இல்லாமல் எம்.பி.ஏ.வுக்குக் கடன் வாங்காதீர்கள். இதை அண்ணனாகச் சொல்கிறேன். அப்படி வந்து, வட்டி கட்ட வழியில்லாமல் தவித்த பையன்களை என் வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறேன். விசாவையும் கணக்கில் எடுங்கள்: படித்து முடித்தபின் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓராண்டோடு இன்னும் 24 மாதம் சேர வேண்டுமானால், அந்தப் படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்க வேண்டும். எல்லா எம்.பி.ஏ.வும் அதில் இல்லை.

இரண்டு மனதாக இருந்தால் ஜி.ஆர்.இ. எழுதுங்கள். மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும், இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும். 2023-இல் அதை இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கிவிட்டார்கள். வடிவியல் உண்டு, திரையில் கால்குலேட்டர் உண்டு, சொல்வளம் நிறைய வேண்டும். புதிய ஜிமேட்டில் வடிவியல் கிடையாது. கணக்குப் பகுதிக்குக் கால்குலேட்டரும் கிடையாது, அட்டவணையும் வரைபடமும் படித்து முடிவு சொல்லும் தனிப்பகுதி ஒன்று இருக்கிறது. இங்கே வந்து பத்தாண்டு ஆன நம்மவர்கள் பலர், தாங்கள் எழுதிய காலத்துத் தேர்வையே உங்களுக்கு விளக்குவார்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அதிகாரப்பூர்வ மாதிரித் தேர்வை இரண்டிலும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

அந்த ஜிமேட்டுக்குப் பிறகு நான் எழுதிய ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் கேட்பார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பின்புறத்தில் சொற்களை எழுதி ரப்பர் போட்டு வைத்திருந்தேன். அம்மா காய் நறுக்கியபடியே ஒரு சீட்டை எடுத்து, பொருளைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, சொல்லை ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பார். உச்சரிப்பு அவருக்கு வராது. நான் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லைக் கண்டுபிடித்துப் பொருள் சொல்ல வேண்டும்.

2005 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகருக்குப் படிக்க வந்தேன். நவம்பரில், முதல் பனி விழுந்த இரவில், போர்வை தேடிப் பெட்டியைக் கிளறியபோது அடியில் அந்தக் கட்டு கிடந்தது. சீட்டுக்குச் சீட்டு, பொருள் எழுதிய இடத்தில், மஞ்சள் படிந்த கட்டைவிரல் தடம்.