கொரில்லாவின் கேள்வியும் அப்பாவின் வயலும்

கேள்வி: டேனியல் குயின் எழுதிய 'இஷ்மேல்' நாவலை ஆங்கிலத்தில் வாசித்து மூன்று வாரங்களாகின்றன. ஒரு கொரில்லா ஆசிரியராக இருந்து, மனிதன் இயற்கையோடு நடந்துகொண்ட விதத்தை ஒரு மாணவனுக்கு விளக்குவதே கதை. அன்றிலிருந்து எதிலும் மனம் ஒட்டவில்லை. மனித இனமே இந்தப் பூமிக்குப் பிடித்த நோய் என்று தோன்றுகிறது. அப்பா மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்கிறார். "நீங்கள் செய்வதும் இயற்கைக்கு எதிரான வன்முறைதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. இப்படிப்பட்ட நாவல்கள் வாசகரைக் குற்றவுணர்வில் தள்ளுவதைத் தவிர வேறு எதையாவது செய்கின்றனவா? – படுவான்கரையிலிருந்து ஒரு வாசகி

பதில்: செய்கின்றன. ஆனால், உங்கள் கடிதத்தைப் பார்த்தால், அந்த நாவல் சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றி, அந்தச் சுமையைக் கொண்டுபோய் அப்பாவின் தலையில் இறக்கியிருக்கிறீர்கள் என்றே படுகிறது. கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். ஒரு புத்தகம் தன் வாழ்க்கையைத் தொட்டுவிட்டது என்று எழுதும் வாசகருக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது மரியாதை ஆகாது.

மனிதன் ஒரு நோய் என்று அந்தக் கொரில்லா எங்கே சொல்கிறது? மனிதர்களிடம் பிறவிக் குறை எதுவும் இல்லை என்பதே அதன் வாதத்தின் அடித்தளம். உலகம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டது, மனிதன் அதை ஆளவே பிறந்தான் என்ற ஒரு கதையை ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளாக ஒரு பண்பாடு நடித்துக்கொண்டிருக்கிறது, கோளாறு அந்தக் கதையில் இருக்கிறது என்றுதான் அது மாணவனுக்குப் பொறுமையாக எடுத்துக் காட்டுகிறது. அதன் அறையில் இருக்கும் அறிவிப்பை மறந்துவிட்டீர்களா? மனிதன் போய்விட்டால் கொரில்லாவுக்கு நம்பிக்கை உண்டா என்று ஒரு பக்கம் கேட்கிறது. கதை முடியும் இடத்தில் மாணவன் அதைத் திருப்பிப் பார்க்கிறான். கொரில்லா போய்விட்டால் மனிதனுக்கு நம்பிக்கை உண்டா என்று மறுபக்கம் கேட்கிறது. நீங்கள் முதற்பக்கத்தை மட்டும் மனத்தில் மாட்டிக்கொண்டு, மனிதன் தொலைந்தால் நல்லது என்று அதற்கு விடையும் எழுதிவிட்டீர்கள்.

விவசாயமே வன்முறை என்றும் அந்த நாவல் சொல்லவில்லை. பயிர் செய்து உண்ணும் மக்களிலும் உலகத்தின் ஒழுங்குக்குள் வாழ்ந்தவர்கள் உண்டு என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. உயிர்களுக்கிடையே ஒரு விதி இருப்பதாக மட்டும் சொல்கிறது: உன் பலம் முழுவதையும் கொண்டு போட்டி போடு, ஆனால் போட்டியாளனைத் தேடித் தேடிக் கொல்லாதே, அவன் உணவை அழிக்காதே, உணவுக்குப் போகும் வழியை மறிக்காதே. இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வயற்புறங்களுக்கு வாருங்கள். நாவலில் வராத ஒரு காட்சியை நான் சொல்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பெரும்போகம் விளைந்து நின்ற தை மாதத்து இரவு, காவற்பரணில் பெரியப்பாவோடு இருந்தேன். யானை என்ற சொல்லைப் பெரியப்பா வயலில் வைத்து ஒருபோதும் சொன்னதில்லை; 'அவர்' என்றுதான் சொல்வார். நிலவில் ஓர் ஒற்றை யானை வரம்பைக் கடந்து வந்து, ஒரு பற்றை நெல்லைத் தும்பிக்கையால் வேரோடு பிடுங்கியது. உடனே வாயில் வைக்கவில்லை. முன்னங்காலில் இரண்டு மூன்று தரம் அடித்து, வேரில் ஒட்டிய சேற்றை உதறியது. "பாரு மனே, மண்ணத் தட்டிப்போட்டுத்தான் சாப்பிடுறார்" என்று பெரியப்பா என் காதுக்குள் சொன்னார். அவர் குரலில் இருந்தது பயமில்லை, ஒரு வீட்டுக்காரர் விருந்தாளியின் கைப்பழக்கத்தை வியக்கும் குரல் அது. அந்தப் பற்றையைத் தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு வெடியைக் கொளுத்தி எறிந்தார். அந்த நெல்லில்தான் எங்கள் இரண்டு குடும்பங்களும் அந்த ஆண்டு சோறு தின்ன வேண்டியிருந்தது.

பெரியப்பா தத்துவ நாவல் எதையும் வாசித்தவரல்லர். ஆனால் அந்த வெடியை, நாவல் சொல்லும் விதிக்குள் நின்ற போட்டி என்றே இன்று நான் எண்ணுகிறேன். வரம்போரத்தில் கள்ளமாக மின்கம்பி இழுத்து வைப்பதும், பன்றிக்கென்று தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைப்பதும் வேறு வகை. அந்தத் தீனியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டி, இரையெடுக்க முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. அந்தக் கம்பியில் யானை மட்டுமல்ல, விடியற்காலையில் தண்ணீர் கட்டப் போன மனிதரும் செத்திருக்கிறார்கள். பெரியப்பாவின் வெடிக்கும் இவற்றுக்கும் இடையில் இருக்கும் எல்லைக்கோட்டை உங்கள் கண்ணுக்குக் காட்டியிருந்தால் நாவல் தன் வேலையைச் செய்திருக்கும். 'நீங்கள் செய்வதும் வன்முறைதான்' என்ற உங்கள் வாக்கியம் அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டது. வெடி போடுபவரும் கம்பி கட்டுபவரும் அதில் ஒருவராகிவிடுகிறார்கள்.

வாசகர் மனத்தில் இவ்வகைப் புனைவு என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். காலநிலை மாற்றம் பற்றிய கதைகளை வாசிக்கக் கொடுத்து அமெரிக்க வாசகரிடையே நடத்தப்பட்ட, 2020 இல் வெளியான பரிசோதனை ஒன்றில், வாசித்த உடனே கருத்துகளில் சிறிய, ஆனால் தெளிவான மாற்றம் தெரிந்தது. ஒரு மாதம் கழித்துக் கேட்டபோது அது மங்கிவிட்டிருந்தது. நீங்கள் மூன்றாம் வாரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கொதிப்பு அடங்கிவிடும், அதற்காக வருந்த வேண்டாம். அடங்கிய பிறகு எது மிஞ்சுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். என் அனுபவத்தில் மிஞ்சுவது ஒரு செவி. முன்பு காதில் விழுந்தும் விழாமலும் போன வாக்கியங்கள் அதன்பின் உறுத்தத் தொடங்கும். "யானை ஊருக்குள் புகுந்து அட்டகாசம்" என்ற தலைப்பை எங்கள் பத்திரிகைகளில் எத்தனை தரம் படித்திருப்பீர்கள்? யாருடைய ஊருக்குள் யார் புகுந்தது என்ற கேள்வி அந்தத் தலைப்பில் உறங்கிக் கிடக்கிறது. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இன்றைய அம்பாறை மாவட்டத்து இங்கினியாகலையில் அணை எழும்பிச் சேனாநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கம் பரந்தபோது நீருக்குள் போனது வெறும் நிலமா? அங்கே காடும் இருந்தது, வேடர் வாழ்ந்த இடங்களும் இருந்தன. அந்த நீரால் விளைந்த நெல்லை நானும் உண்டிருக்கிறேன். இரண்டும் உண்மை என்பதைத் தாங்கிக்கொள்ளும் மனம்தான் எனக்குத் தேவைப்படுகிறது. ஒன்றை மறக்கச் சொல்லும் எவரையும் நான் நம்புவதில்லை.

விவிலியத்தில் வரும் காயீன், ஆபேல் என்ற சகோதரர்களின் கதைக்கு அந்த நாவல் கொடுக்கும் விளக்கத்தை எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து வாசகர் எவரும் விரைந்து தாண்டிப் போகக்கூடாது. மண்ணைக் கொத்துபவன் மந்தை மேய்ப்பவனைக் கொல்கிறான். தங்கள் மேய்ச்சல் நிலத்தை உழுபவர்கள் விழுங்கிக்கொண்டு வருவதைக் கண்ட இடையர்கள் சொல்லிய கதை அது என்று கொரில்லா விளக்குகிறது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 இல் மாட்டுப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தொடங்கி மாதக்கணக்காக நீடித்த போராட்டத்தைக் கண்ட நமக்கு, அது எப்போதோ நடந்த பழங்கதையா? தரை உழப்படுகிறது, மாடு போக இடமில்லை. உலகப் பொதுவான ஒரு தத்துவ வாதம் கிரான் சந்தியில் பால் கானோடு நிற்கும் மனிதரின் முகமாக மாறும்போதுதான் வாசிப்பு முழுமை பெறுகிறது.

நாவலை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதன் மாணவன் மிக எளிதில் தலையாட்டுகிறான். எதிர்வாதம் செய்ய ஆளில்லாத விவாதத்தில் வாசகரும் கூடவே தலையாட்டிவிடுகிறார். உணவு பெருகினால் மக்கள்தொகை பெருகியே தீரும் என்று சொல்லி, அந்தக் கணக்கிலேயே பஞ்சத்தில் கிடப்பவர்களுக்கு வெளியிலிருந்து உணவு அனுப்புவதையும் அது கேள்விக்குள்ளாக்குகிறது. இதை நான் ஏற்கமாட்டேன். இலங்கையில் 1950களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள், இன்று இரண்டளவில்தான். இதற்கிடையே நெல் விளைச்சல் பன்மடங்கு கூடியது. கல்வியும், தாய்சேய் மருத்துவமும், பெண்கள் தம் வாழ்வைத் தாமே தீர்மானித்ததும் செய்த மாற்றத்தை அந்தக் கணக்கு காணவில்லை. 1978 சூறாவளிக்குப் பிறகும் 2004 கடற்கோளுக்குப் பிறகும் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற ஊரைச் சேர்ந்தவன் நான். அந்த அரிசி வந்திருக்கக்கூடாது என்று முடியும் எந்தத் தத்துவமும், எவ்வளவு அழகாகப் பேசினாலும், எனக்கு உவப்பானதல்ல. நாவல் வாசகரைப் பாதிக்க வேண்டும் என்றால், வாசகர் அதனோடு சண்டையும் போட வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்தச் சண்டை ஓரிடத்திலும் இல்லை என்பது எனக்குக் குறையாகப் படுகிறது.

இன்னொன்று. அந்த நாவல் 1991 இல் ஐந்து இலட்சம் டொலர் பரிசு பெற்று, அடுத்த ஆண்டு நூலாக வந்தது. உலகப் பிரச்சினைகளுக்கு ஆக்கபூர்வமான தீர்வு காட்டும் புனைவுக்கென்றே ஏற்படுத்தப்பட்ட பரிசு அது. அதனாலோ என்னவோ, பலர் அதை ஒரு மருந்துச் சீட்டுப் போலத் திறந்து, 'இனி நான் என்ன செய்ய?' என்று கேட்டு, விடை கிடைக்காமல் சோர்கிறார்கள். நமக்குக் கையருகே வேறொரு வழி இருக்கிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, மனிதரின் காதலையும் பிரிவையும் அதற்குப் பின்னால் வைத்துப் பேசியது தொல்காப்பியம். அதே நூலின் மரபியலில் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவுவரை அடுக்கும் இடத்தை, மனிதனின் பெருமைக்குச் சான்றாக மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விலங்குகளிலும் ஒரு சாராருக்கு ஆறாவது அறிவு உண்டு என்று அங்கேயே சொல்லியிருப்பதை மேடையில் எவரும் சொல்வதில்லை. எவை அவை என்று உரைகாரர் காட்டுபவற்றில் குரங்கும் இருக்கிறது, யானையும் இருக்கிறது. கொரில்லா ஒன்று ஆசான் இருக்கையில் அமர்ந்தது உங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது என்றால், அது எங்கள் பாடத்திட்டத்தின் குறை.

இன்று மாலையே அப்பாவிடம் போங்கள். சொன்னது பிழை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். புத்தகத்தை விளக்க முற்பட வேண்டாம். அவர் சிறுவனாக இருந்தபோது யானை எந்தப் பக்கத்தால் வந்தது, எந்தக் குளத்தில் இறங்கியது, மின்வேலி போட்ட பிறகு அந்தத் தடம் எங்கே திரும்பியது, எந்த ஆண்டு முதல் எந்தக் காடு இல்லாமற்போனது என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம், உங்கள் கருத்தையும் இடையில் சேர்க்க வேண்டாம். எங்களுக்கு அனுப்பினால் அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைக்கிறேன்.