நில ஆவண மென்பொருளில் 'உரிமையாளர்' எங்கே உட்கார வேண்டும்?

கேள்வி: வழக்கறிஞர்களுக்கும் மனை விற்பனை செய்பவர்களுக்கும் தமிழ்நாட்டுச் சொத்து ஆவணங்களைத் தொகுத்துத் தரும் மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், பரப்பு, உரிமையாளர் பெயர் எல்லாவற்றையும் ஒரே டேபிளில் வைத்துத் தொடங்கினோம். உட்பிரிவு, கூட்டுப் பட்டா, அடுக்குமாடி வரும்போதெல்லாம் உடைகிறது. பின்னால் வேறு அமைப்புகளோடு தரவு பரிமாற வேண்டியும் வரும். எப்படி அமைப்பது?

பதில்: உடையும் இடம் 'உரிமையாளர் பெயர்' என்ற கட்டம்தான். பரப்பைப் போல உரிமை நிலத்தோடு ஒட்டிப் பிறந்ததல்ல. ஓர் ஆளுக்கும் நிலத்துக்கும் நடுவே, ஓர் ஆவணத்தின் பேரில், ஒரு நாளில் தொடங்கி இன்னொரு நாளில் முடிகிற உறவு அது. உறவுக்குத் தனி டேபிள் வேண்டும்.

இதற்கென்றே உலகத் தரம் ஒன்று இருக்கிறது: 2012இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 19152, நில நிர்வாகத் தரவுக்கான மாதிரி, சுருக்கமாக எல்ஏடிஎம் (Land Administration Domain Model). அதன் முதுகெலும்பு நான்கே வகுப்புகள். தரப்பு (ஆள், நிறுவனம், குழு); உரிமை, கட்டுப்பாடு, கடமை மூன்றும் சேர்ந்த ஒன்று; சொத்து அலகு (ஒரே உரிமையின்கீழ் வரும் துண்டுகளின் தொகுப்பு); நிலத்துண்டு. இவற்றுக்குப் பின்னால் ஆதார ஆவணம் நிற்கிறது. தரம் முழுவதையும் நிறைவேற்ற முயல வேண்டாம். இந்த ஐந்தையும் பிரித்து வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

சொத்து அலகும் நிலத்துண்டும் ஏன் தனித்தனி என்று எல்லோரும் கேட்பார்கள். பட்டாவைப் பாருங்கள். ஒரு கிராமத்தில் ஒரே பட்டா எண்ணில் 45/2, 61/1, 118/3 என மூன்று துண்டுகள் இருக்கும். பட்டா ஒரு கணக்கு, சர்வே உட்பிரிவுதான் நிலம். ஒரு பத்திரத்தின் சொத்து விவரமோ இரண்டோடும் பொருந்தாது. '45/2இல் தென்புறம் 12 சென்ட்' என்று எழுதியிருக்கும், ஆனால் உட்பிரிவு இன்னும் ஆகியிருக்காது. அந்த 12 சென்ட்டைத் தனி நிலத்துண்டாகப் பதியுங்கள். வரைபடக் கட்டம் காலியாக, எல்லை விவரம் எழுத்தாக மட்டும் இருக்கட்டும், 'தாய்த்துண்டு 45/2' என்று இணைத்துவிடுங்கள். எழுத்தால் மட்டும் விவரித்த துண்டையும் எல்ஏடிஎம் ஏற்கிறது. புலப்படம் (நில அளவைத் துறையின் எல்லை வரைபடம்) வரும்வரை காத்திருந்தால் பாதிப் பத்திரங்கள் உள்ளேயே வராது.

அந்த எல்லை எழுத்தில் ஒரு கண்ணி உண்டு. பத்திரத்தில் 'வாய்க்காலுக்கு வடக்கு' என்றிருந்தால், சொத்து வாய்க்காலுக்கு வடக்கே இருக்கிறது. அதாவது வாய்க்கால் நமக்குத் தெற்கு எல்லை. தரவு ஏற்றுபவர் 'வடக்கு: வாய்க்கால்' என்று போட்டால் நான்கெல்லையும் தலைகீழாகிவிடும். மூல வாசகத்தை அப்படியே ஒரு கட்டத்தில் வைத்து, திசை பிரித்ததை வேறு கட்டங்களில் வையுங்கள். மூலம் இல்லாவிட்டால் இந்தப் பிழையைப் பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

அடுத்தது பிரைமரி கீ, அதாவது டேபிளின் ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் கட்டம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் நான்கையும் ஒட்டவைத்து கீ செய்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. 2019இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. நிலம் அசையவில்லை, அப்படிப்பட்ட கீ எல்லாம் மாறியது. அர்த்தமே இல்லாத ஒரு உள் எண்ணைக் கீயாக வையுங்கள். சர்வே எண், பழைய சர்வே எண், நகர நில அளவையின் வார்டு, பிளாக், டிஎஸ் (நகர சர்வே) எண், 14 இலக்க நில அடையாள எண் ஆகியவை 'அடையாளங்கள்' என்ற தனி டேபிளில், வகையோடும் செல்லுபடியாகும் தேதிகளோடும் இருக்கட்டும். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூடிஆர் திட்டத்துக்கு முந்தைய எண்ணைச் சொல்லும் பத்திரங்கள் இன்றும் மூலப் பத்திரமாக வந்துகொண்டுதான் இருக்கின்றன. பழைய எண்ணால் தேடினாலும் நிலம் கிடைக்க வேண்டும்.

45/2 உட்பிரிவாகி 45/2ஏ, 45/2பி ஆனால், பழைய வரிசையைத் திருத்தாதீர்கள். அதற்கு முடிவுத் தேதி போட்டு மூடி, இரண்டு புதிய துண்டுகளைத் திறந்து, 'தாய்–சேய்' டேபிளில் இணையுங்கள். துண்டுகளை ஒன்றுசேர்ப்பதும் இதே டேபிளில் நடக்கும் என்பதால் அது பலவற்றுக்குப் பல என்ற உறவாக இருக்க வேண்டும். உட்பிரிவு எழுத்து ஒரு பத்திரத்தில் ஆங்கில எழுத்தாகவும் இன்னொன்றில் '2ஏ' என்றும் '2அ' என்றும் வரும். தேடலுக்கு ஒரே வடிவாக்கிய நகல் ஒன்றும், எழுதியபடியே ஒன்றும் தேவை.

பங்கை ஒருபோதும் தசமத்தில் வைக்காதீர்கள். மூன்று வாரிசுகளுக்கு 0.3333 போட்டால் கூட்டு 0.9999 ஆகும். தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண்கள் போதும்: நான்கில் ஒரு பங்கை மூவர் பிரித்தால் 1/12. கூட்டுப் பட்டாவில் பங்கே எழுதப்பட்டிருக்காது. அங்கே சமமாகப் பிரித்துப் போடும் ஆசையை அடக்கி, எல்லோரையும் ஒரு குழுத் தரப்பாக வைத்து, பங்குக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அடுக்குமாடியில் 4,800 சதுர அடி மனைக்கு எட்டு வீடு, தலா 600 சதுர அடி பிரிபடாத பாகம் என்று பத்திரம் சொல்லும். பின்னால் சாலை அகலப்படுத்த 300 சதுர அடி போனால் மனை 4,500 ஆகிவிடும், பத்திரங்கள் 600 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சதுர அடியை மட்டும் வைத்த டேபிள் கணக்கு இடிக்கும். 600/4800, அதாவது 1/8 என்று வைத்தது நிற்கும். ஆகவே பின்னமும் எழுதிய சதுர அடியும் இரண்டுமே தேவை.

ஒரு அலகின் உரிமைப் பங்குகள் கூடி 1ஐத் தாண்டினால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும்? எச்சரிக்க வேண்டும், தடுக்கக் கூடாது. நம்முடையது ஆவணப் பதிவு முறை. பத்திரம் பதிவானது உண்மை, அது தரும் உரிமை செல்லுமா என்பது வேறு கேள்வி. தனக்கிருப்பதைவிட அதிகம் விற்றவரும், ஒரே மனையை இருவருக்கு விற்றவரும் உண்டு. அந்த இரண்டாவது பத்திரத்தை ஏற்க மறுக்கும் டேபிள், வழக்கறிஞர் பார்த்தே ஆக வேண்டிய ஒன்றை மறைக்கிறது. பட்டாவும் வருவாய்த் துறைக் கணக்கே தவிர முடிந்த முடிவான உரிமைச் சான்று அல்ல. 'பட்டாதாரர்', 'பத்திரப்படி வாங்கியவர்' இரண்டையும் ஒரே கட்டத்தில் கலக்காதீர்கள்.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, எழுதிக் கையெழுத்திட்ட பத்திரத்தைப் பதிவுக்குக் கொண்டுவர நான்கு மாதம் தருகிறது. 47ஆம் பிரிவுப்படி, பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, பதிவே தேவையில்லாதிருந்தால் எப்போது செயல்பட்டிருக்குமோ அப்போதிலிருந்து செயல்படும். ஜனவரி 10இல் எழுதி மார்ச் 20இல் பதிந்த கிரயமும், பிப்ரவரி 15இல் எழுதி அன்றே பதிந்த அடமானமும் ஒரே மனைமீது வந்தால், எந்தத் தேதியை வைத்து எது முந்தியது என்பதே வழக்கு. எழுதிய தேதி, பதிந்த தேதி, உரிமை தொடங்கும் தேதி, உங்கள் மென்பொருளில் ஏறிய தேதி ஆகிய நான்கும் தனித்தனி. எந்த வரிசையையும் அழிக்கவோ மேலெழுதவோ கூடாது.

ஆவண எண்ணும் தனியாக நின்றால் போதாது. 1234/2015 ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் இருக்கும். ஒரே அலுவலகத்தில் 1ஆம் புத்தகத்திலும் உயில்களுக்கான 3ஆம் புத்தகத்திலும், மற்றவற்றுக்கான 4ஆம் புத்தகத்திலும் அதே எண் வரலாம். அலுவலகம், புத்தகம், எண், ஆண்டு நான்கும் சேர்ந்தால்தான் தனித்துவம். ஆதாரம் என்றாலே பதிவான பத்திரம் என்றும் கொள்ளாதீர்கள்: வாரிசுச் சான்று, நீதிமன்றத் தீர்ப்பாணை, பட்டா மாற்ற உத்தரவு எல்லாம் அதே டேபிளில் வகை பிரிந்து வரும். பவர் பத்திரத்தில் கையெழுத்திட்ட முகவரும் மைனரின் காப்பாளரும் ஆவணத்தில் பங்கேற்றவர்கள், உரிமை பெற்றவர்கள் அல்லர். 'ஆவணத்தில் பங்கு' என்று தனி டேபிள் இல்லாவிட்டால் முகவர் உரிமையாளராகத் தோன்றிவிடுவார்.

கட்டுப்பாடுகளில் அடமானத்தை நிலத்தோடு மட்டும் இணைக்காதீர்கள், உரிமை வரிசையோடு இணையுங்கள். அண்ணன் தன் பாதியை அடமானம் வைத்தால் தம்பியின் பாதிக்குச் சுமை இல்லை. கடன் தீர்ந்ததற்கான ரசீதுப் பத்திரம் வந்ததும் அந்த வரிசைக்கு முடிவுத் தேதி. ஆயுட்கால உரிமை வைத்துக்கொண்ட செட்டில்மென்ட், பாதை உரிமை, கிணற்றுப் பங்கு மூன்றும் உரிமை வகைப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். கிணறு பெரும்பாலும் வேறு சர்வே எண்ணில் இருக்கும். '61/1இல் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கும் மின் இணைப்பும்' என்பது 45/2ஐ வாங்கியவருக்கு 61/1இல் ஏற்படும் தனி உரிமை. குறிப்புக் கட்டத்தில் போட்டுவிட்டால், 61/1ஐ வாங்க வருபவருக்கு அது கண்ணிலேயே படாது.

பரப்புக்குச் சதுர மீட்டரை அடிப்படையாக வைத்து, எழுதிய அளவையும் அலகையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. குழி ஊருக்கு ஊர் மாறும் என்பதால் தானாக மாற்ற வேண்டாம். பட்டாவில் '0.5.0' என்றால் 5 ஏர், 500 சதுர மீட்டர். அதை அரை ஹெக்டேர் என்று படிக்கும் நிரல் பத்து மடங்கு நிலம் தருகிறது. பத்திரப் பரப்பு, பட்டாப் பரப்பு, வரைபடத்திலிருந்து கணக்கிட்ட பரப்பு மூன்றும் ஒத்துப்போகாது. மூன்றையும் வைத்துக்கொண்டு வேறுபாட்டைக் காட்டுங்கள்.

வரைபடத்துக்கு யூடிஎம் (உலகை 6 பாகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) பயன்படுத்தினால், 78 பாகைக்கு மேற்கே உள்ள கோயம்புத்தூர் 43ஆம் மண்டலம், மதுரையும் சென்னையும் 44. ஒரே மண்டலத்தில் எல்லாவற்றையும் திணிக்காமல், சேமிப்பை ஜிபிஎஸ் பயன்படுத்தும் அட்சரேகை, தீர்க்கரேகை முறையான டபிள்யூஜிஎஸ் 84இல் வைத்து, பரப்பை அந்தந்த மண்டலத்தில் கணக்கிடுங்கள். ஒவ்வொரு எல்லைக்கும் அது கருவியால் அளந்ததா, புலப்படத்திலிருந்து வரைந்ததா, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போட்டதா என்று ஒரு தரக் குறியீடு வேண்டும்.

பெயர்களை ஏற்றுமுன் யூனிகோடை என்எஃப்சி வடிவுக்கு (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியாக்கங்களை ஒன்றாக்கும் தர வடிவம்) கொண்டுவாருங்கள். 'கொ'வில் வரும் உயிர்க்குறி ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் தட்டச்சாகியிருக்கும். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. 'ஔ'வும் 'ஒள'வும், 'ஸ்ரீ'யின் இரண்டு குறியாக்கங்களும் என்எஃப்சிக்கு அடங்காது, அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். ஒரே பெயர், ஒரே தந்தை பெயர் என்பதற்காக இரண்டு ஆட்களைத் தானாக இணைக்கவே கூடாது. 'ஒருவராக இருக்கலாம்' என்று ஒரு இணைப்பு வையுங்கள், ஒன்றாக்குவதை ஆவணம் பார்த்த மனிதர் செய்யட்டும்.

நிரல் எழுதுமுன் 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஒன்றை எடுத்து, அதன் பதிவுகளைக் காகிதத்தில் இந்த டேபிள்களில் கையாலேயே நிரப்பிப் பாருங்கள். பாகப்பிரிவினை, அடமானமும் ரசீதும், பவர் மூலம் விற்ற கிரயம், ஓர் உட்பிரிவு எல்லாம் இருக்கும் சான்றாகத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது ஒரு விவரம் 'குறிப்பு' கட்டத்தில்தான் போய் விழுகிறது என்றால், அங்கே ஒரு டேபிளோ ஒரு உறவோ விடுபட்டிருக்கிறது.