சப் ஊஃபருக்காக ஆம்ப்பை விற்காதீர்கள்

கேள்வி: ஐயா, இருபது வருடப் பழைய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்பும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் வைத்து இளையராஜா பாட்டுக் கேட்கிறேன். மகன், கனத்த பேஸ் ஒலிக்கான பவர்டு சப் ஊஃபர் வாங்கித் தந்தான். ஆம்ப்பில் அதை மாட்டும் சப் அவுட் முனை இல்லை. “ஆம்ப்பை மாற்றுங்கள், பழையதை நானே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார் கடைக்காரர். தெரிந்த எலக்ட்ரீஷியன் டேப் அவுட்டில் (கேசட் பதிவுக்கான முனை) மாட்டினார். 12க்கு 10 அடி கூடத்தில், மூலையில் வைத்திருக்கிறேன். ஒரே ‘கும்’ சத்தம். பாட்டு இல்லாதபோதும் ‘ம்ம்’ என்று இரைகிறது. எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: எர்த் பின்னில் கை வைக்காதீர்கள். ஆம்ப்பையும் கொடுத்துவிடாதீர்கள். பழைய ஸ்டீரியோ ஆம்ப்பில் சப் அவுட் இல்லாதது சாதாரணம், அது குறையே அல்ல. ‘நானே எடுத்துக்கொள்கிறேன்’ என்பவர் ஆயிரமோ இரண்டாயிரமோ தருவார். அதே ஆம்ப் பழைய செட் தேடுகிறவர்களிடம் பல மடங்கு விலைக்குப் போகும். இப்படி ஏமாந்தவர்கள் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள்.

சப்பின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ‘ஹை லெவல்’ அல்லது ‘ஸ்பீக்கர் லெவல்’ என்று எழுதி, சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஜோடி முனைகள் இருந்தால் கவலையே வேண்டாம். ஆம்ப், சப் இரண்டின் ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். டேப் அவுட் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பில் ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கும் அதே முனைகளிலிருந்து இன்னொரு ஒயரைச் சப்புக்கு இழுங்கள். இடதுக்கு இடது, வலதுக்கு வலது, சிவப்புக்குச் சிவப்பு. ஸ்பீக்கர் ஒயர் அப்படியே இருக்கட்டும். ஆம்ப்புக்குச் சுமை ஏறாது. சப்புக்குள் தனி ஆம்ப் இருக்கிறது, உங்கள் ஆம்ப்பிலிருந்து சிக்னலை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். டேப் அவுட்டைக் கழற்றச் சொன்னதற்குக் காரணம், அந்தச் சிக்னல் வால்யூம் குமிழுக்கு முன்பே பிரிந்து வருவது. பாட்டைக் குறைத்தாலும் சப் குறையாது.

ஒரே ஒரு இடத்தில் இந்த முறை ஆபத்து. அதை விரிவாகவே சொல்கிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் போர்டு வாங்கி வந்து இங்கே அசெம்பிள் செய்து விற்கும் கையடக்க ஆம்ப்புகள் பலவற்றில், கறுப்பு முனையிலும் சிக்னல் ஓடும். இரண்டு கறுப்பும் சப்புக்குள் போய் ஒன்றாகச் சேர்ந்தால் ஆம்ப்பின் சிப் எரிந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர் ஒயர்களையும் கழற்றிய பிறகு, மீட்டரைப் பீப் அடிக்கும் இடத்தில் வையுங்கள். மீட்டரின் ஒரு கம்பியை ஆம்ப்பின் ஆர்சிஏ ஓட்டையின் (பாட்டு ஒயர் செருகும் வட்ட ஓட்டை) வெளி வளையத்திலும் மறு கம்பியை ஆம்ப்பில் ஸ்பீக்கர் மாட்டும் கறுப்பு முனையிலும் தொடுங்கள். இடது, வலது இரண்டிலும் பீப் வந்தால் தைரியமாக மாட்டலாம். ஒன்றில் வராவிட்டாலும் மாட்டக் கூடாது. உங்களுடையதில் பெரும்பாலும் வரும், இருந்தாலும் பார்த்துவிடுங்கள்.

இனி அந்த எர்த் பின். ஒரு வீட்டில் அதை வெட்டிப் போட்டிருந்தார்கள்; சப்பின் பின் தகட்டில் கை பட்டதும் எனக்குச் சுரீரென்றது. உள்ளே கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்கு இறக்கும் வழி அந்தப் பின்தான். ஆம்ப்பும் சப்பும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்தால் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகி, கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் உள்ளே வரும்; உங்கள் ‘ம்ம்’ பெரும்பாலும் அதுதான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

‘கும்’ சத்தத்துக்குக் காரணம் மூலை. 12 அடி அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கி நிற்கும். மூலை அதை இன்னும் ஊதிவிடும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தத் தந்தியில் ஒன்றிரண்டு சுரம் மட்டும் உப்பிக் கேட்பது அதனால்தான். சப்பைத் தூக்கி, நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, காதைத் தரைப் பக்கம் தாழ்த்தி, சுவரோரமாக மெல்லத் தவழ்ந்து வாருங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடம் ஒன்று அகப்படும். சப்புக்கு அதுதான் இடம்.

அப்புறம் குமிழ்கள். கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் பாட வேண்டும் என்று வரையறுக்கும் குமிழ்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். எல்எஃப்இ (ஹோம் தியேட்டரின் தனி பேஸ் சேனல்) என்று சுவிட்ச் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது போட்டிருந்தால் கிராஸ்ஓவர் குமிழ் வேலை செய்யாது. ஃபேஸ் சுவிட்சை (சப்பின் அதிர்வைத் தலைகீழாக்குவது) மகன் 0, 180 என்று மாற்றி மாற்றிப் போடட்டும்; நீங்கள் நாற்காலியில் இருந்து கேளுங்கள். எதில் பேஸ் நிறைவாக வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள். சப் வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு மெல்ல ஏற்றுங்கள். சப் தனியாகத் தெரிய ஆரம்பித்ததும் ஒரு சிட்டிகை குறையுங்கள்.

இதற்குப் பிறகும் ‘கிர்ர்’ என்று ஏதாவது அதிர்ந்தால் அது சப் இல்லை. பாட்டு ஓடும்போதே பீரோ கதவிலும் பரண்மேல் இருக்கும் எவர்சில்வர் தூக்கிலும் கை வைத்துப் பாருங்கள். எதைத் தொட்டதும் சத்தம் நிற்கிறதோ, அதற்கடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துச் செருகினால் போதும்.